குடியுரிமையைத் தெருவில் வைத்துத் தீர்மானிக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சட்டவிரோதமாக நாட்டுக்குள் நுழைந்தவர்களைக் கண்டறிந்து வெளியேற்றுவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் கட்டுரைகளையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். எல்லை வேலி, ஊடுருவல், வாக்காளர் பட்டியல், தேசப் பாதுகாப்பு என்று பலவற்றையும் பேசுகிற இந்த விவாதத்தில் அடிப்படையான ஒரு கேள்வி மட்டும் ஓரத்தில் நின்றுவிடுகிறது. ஒருவர் இந்தியரா, அயல்நாட்டவரா என்பதை யார், எந்த ஆவணத்தைக் கொண்டு, எந்த நடைமுறையின்படி முடிவு செய்வது? கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். தன் எல்லைக்குள் யார் வரலாம், யார் தங்கலாம் என்று விதிக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. வங்கதேசத்துடன் நமக்குள்ள எல்லை சுமார் 4,096 கிலோமீட்டர் நீளமானது. ஆறுகளும் ஆற்றிடைத் திட்டுகளும் சதுப்பு நிலங்களும் குறுக்கிடுவதால் முழுவதுமாக வேலி போட முடியாத எல்லை அது. வேலி போட்ட இடங்களிலும் அது பெரும்பாலும் எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜம் உள்ளே தள்ளியே நிற்கிறது. அதற்கு அப்பால் இந்தியர்களின் வயல்களும் வீடுகளும் இருக்கின்றன. இந்த எல்லை வழியாக ஆட்களைக் கடத்திவரும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள் என்பதையும், வந்தவர்களுக்குப் போலி அடையாள அட்டை தயாரித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதையும், அப்படி வந்தவர்கள் நம் திருப்பூர், கோவை வரை வந்து கைதாகியிருக்கிறார்கள் என்பதையும் மறுப்பதற்கில்லை. அவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அதற்கான சட்டமும் இப்போது கடுமையாக்கப்பட்டிருக்கிறது. 1920ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம், 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் ஆகியவற்றோடு 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றையும் நீக்கிவிட்டு, குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. உரிய கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலிக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. தலைமைக் காவலர் நிலைக்குக் குறையாத எந்தக் காவலரும் பிடியாணை இன்றிக் கைது செய்யலாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, தான் அயல்நாட்டவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு சந்தேகிக்கப்படுபவர் மீதே சுமத்தப்பட்டிருப்பது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவில் இருந்த இந்த ஏற்பாடு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. திருட்டு வழக்கில்கூடக் குற்றத்தை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இங்கே, கூலி வேலைக்கு வந்த இடத்தில், தன் பிறப்பையும் பெற்றோரின் பிறப்பையும் நிரூபிக்க வேண்டியவர் பிடிபட்டவர். இவ்வளவு கனமான பொறுப்பை ஒரு மனிதர் தலையில் வைக்கும்போது, அந்தச் சந்தேகத்தைக் கிளப்புவதற்கு முன்னால் அரசு எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

அந்தக் கவனம் இல்லை என்பதைத்தான் 2025ஆம் ஆண்டு காட்டியது. வங்கதேசம், மியான்மர் நாட்டவர் என்று சந்தேகிக்கப்படுவோரின் ஆவணங்களை 30 நாள்களுக்குள் சரிபார்க்குமாறு மாநிலங்களுக்கு மத்திய உள்துறை அமைச்சகம் அந்த ஆண்டு மே மாதத்தில் அறிவுறுத்தியது. அதைத் தொடர்ந்து டெல்லியிலும் ஹரியாணாவின் குருகிராமிலும் இன்னும் பல நகரங்களிலும் வங்காள மொழி பேசும் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாகப் பிடித்து வைக்கப்பட்டனர். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண், டெல்லியில் குடும்பத்தோடு பிடிக்கப்பட்டு, ஜூன் மாதத்தில் எல்லைக்கு அப்பால் தள்ளிவிடப்பட்டார். அந்த வெளியேற்ற ஆணை செல்லாது, அவர்களைத் திரும்ப அழைத்து வர வேண்டும் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, டிசம்பரில்தான் அந்தப் பெண்ணும் அவருடைய மகனும் நாடு திரும்ப முடிந்தது. நீதிமன்றத்தை நாட அவருக்கு ஒரு தந்தையும், உதவ மாநிலத்தில் சிலரும் இருந்தார்கள். அப்படி யாரும் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்?

ஒருவரை முறையாக நாடு கடத்துவது என்றால், அவர் எந்த நாட்டவர் என்பதை அந்நாட்டுத் தூதரகம் சரிபார்த்து ஒப்புக்கொண்டு பயண ஆவணம் வழங்க வேண்டும். காலம் பிடிக்கும் வேலை என்பது உண்மைதான். ஆனால் காலம் பிடிக்கிறது என்பதற்காக அந்தப் படியையே விட்டுவிட்டு இரவோடு இரவாக எல்லையில் கொண்டுபோய் விட்டால், அது நாடு கடத்தலாகாது. அரசமைப்பின் 21ஆவது பிரிவு உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் தரும் பாதுகாப்பைக் குடிமக்களுக்கு மட்டும் என்று வரையறுக்கவில்லை. எந்த நபருக்கும் என்றே சொல்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற 22ஆவது பிரிவும் அப்படித்தான்.

இது டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள பிரச்சினை, நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஓசூரில் மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி பக்கம் உள்ள லைன் வீடுகளில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. ஓசூர், சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளித் தொழிற்சாலைகளிலும், கிரானைட் குவாரிகளிலும், செங்கல் சூளைகளிலும், ஓசூரைச் சுற்றியுள்ள ரோஜாப் பசுமைக்குடில்களிலும், மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளிலும் பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம், மேற்கு வங்கத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் வங்காளம் பேசுகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இந்தியர்கள் 9.7 கோடிப் பேர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களைவிட அதிகம். மேற்கு வங்கம் தவிர, திரிபுராவும் அசாமின் பராக் பள்ளத்தாக்கும் அம்மொழி பேசும் பகுதிகளே. ஆகவே ஒருவர் வங்காளம் பேசுகிறார் என்பதிலிருந்து அவர் எந்த நாட்டவர் என்று எதையும் ஊகிக்க முடியாது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் அலுவலகத்தில் தமிழும் பேசி வாழ்கிற மக்களிடையே வேலை பார்த்த எனக்கு, மொழியைக் கேட்டு ஊரைச் சொல்லும் இந்தச் சோதனை எவ்வளவு பயனற்றது என்று விளக்க வேண்டியதில்லை.

ஆவணம் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பது அடுத்த வாதம். என் பணிக்காலம் முழுவதும் நான் கையாண்டது ஆவணங்களைத்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தேன்கனிக்கோட்டை வட்டத்தில் 1960இல் பிறந்து, பிறந்த வீட்டிலேயே இன்றும் குடியிருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தபோது அந்த ஊர் சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டம் உருவானதும் அவருடைய ஊர் அதில் சேர்ந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது மூன்றாவது மாவட்டம். அவருடைய தந்தையின் கிரயப் பத்திரத்தில் ஒரு மாவட்டமும், பள்ளி மாற்றுச் சான்றிதழில் இன்னொன்றும், ஆதாரில் வேறொன்றும் இருக்கும். வட்டங்களும் இடையில் பிரிக்கப்பட்டிருந்தால் வட்டத்தின் பெயரும் மாறியிருக்கும். இந்த வரலாறு தெரியாத வெளிமாநிலக் காவலர் ஒருவர் இந்த மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் அவருக்கு மூன்று வெவ்வேறு ஊர்கள் தெரியும்.

பெயரோ இன்னும் சிக்கல். நம்மிடம் குடும்பப் பெயர் வழக்கமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். வெளிமாநிலப் படிவங்களில் அது பின்னால் போகிறது, அல்லது தந்தையின் முழுப்பெயரே இவருடைய பெயராகிவிடுகிறது. குடும்ப அட்டையில் முனியம்மாள் என்றும் வாக்காளர் அட்டையில் முனியம்மா என்றும் வங்கிக் கணக்கில் முனியம்மாள் மாதப்பன் என்றும் ஒரே பெண்மணி இருப்பார். பிறந்த தேதி தெரியாத முதியவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று பதிவாகியிருப்பதைப் பார்க்காத கிராம நிர்வாக அலுவலர் எவரும் இருக்க முடியாது. முதியோர் உதவித்தொகை கேட்டு வருபவர்களில் பிறப்புச் சான்று கொண்டுவந்தவர்கள் மிக அரிது. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தபோது கைமாறிய பழைய பதிவேடுகளில் எத்தனையோ கரையான் தின்றவை. வீட்டில் மருத்துவச்சி பார்த்துப் பிறந்த குழந்தையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற எண்ணமே மலைக் கிராமங்களில் மிகப் பிந்தி வந்தது. இவர்கள் எல்லோரும் இந்தியர்கள்தான். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் சந்தேகப்பட முடிவு செய்துவிட்டால் இவர்களில் பலரால் இரண்டு தலைமுறைக்குத் தாளைக் காட்ட முடியாது.

பீர்பூமிலும் மால்டாவிலும் முர்ஷிதாபாத்திலும் உள்ள ஏழைகளின் தாள்கள் நம்முடையதைவிட ஒழுங்காக இருக்கும் என்று எதிர்பார்க்க என்ன காரணம் இருக்கிறது? ஆறு கரையை அரித்து ஊரையே இடம் பெயர்க்கும் பகுதிகள் அவை.

உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. அசாமில் அயல்நாட்டவர் என்று தீர்ப்பாயம் அறிவித்த ஒருவரின் வழக்கில், பெயர்களின் எழுத்துக்கூட்டலிலும் தேதிகளிலும் உள்ள சிறு வேறுபாடுகளை வைத்து ஒருவரின் குடியுரிமையை மறுக்க முடியாது என்றும், கையில் எந்த அடிப்படைத் தகவலும் இல்லாமல் ஒருவரை அயல்நாட்டவர் என்று சந்தேகித்து விசாரணையைத் தொடங்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றும் 2024 ஜூலை 11 அன்று அது தீர்ப்பளித்தது. அவர் இந்தியர் என்று அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

ஆதார் பற்றியும் ஒரு வார்த்தை. ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டத்தின் 9ஆவது பிரிவே கூறுகிறது. ஓராண்டில் 182 நாள்கள் இங்கே வசித்த வெளிநாட்டவரும் அதை முறையாகப் பெறலாம். ஆகையால் ஆதார் இருப்பதாலேயே ஒருவர் இந்தியர் என்று சொல்வதும் சரியில்லை. ஆதாரைக் காட்டிய தொழிலாளியிடம், இது போலி என்று எந்தச் சோதனையும் செய்யாமல் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் சரியில்லை.

எண்ணிக்கை விஷயத்தில் அரசியல் தலைவர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சட்டவிரோத வங்கதேசத்தவர் 1.2 கோடிக்கும் மேல் என்று 2004இல் மாநிலங்களவையில் உள்துறை இணையமைச்சர் ஸ்ரீபிரகாஷ் ஜெய்ஸ்வால் தெரிவித்தார். பிறகு அந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல என்று அவரே விளக்கம் தர நேர்ந்தது. 2016 நவம்பரில் இணையமைச்சர் கிரண் ரிஜிஜு அதே அவையில் 2 கோடி என்றார். அசாமில் உச்ச நீதிமன்றத்தின் நேரடிக் கண்காணிப்பில் தயாரான தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியானபோது, விண்ணப்பித்த 3.3 கோடிப் பேரில் விடுபட்டவர்கள் 19,06,657 பேர். அவர்கள் எல்லோரும் அயல்நாட்டவர் என்றுகூட அதற்குப் பொருள் இல்லை. மேல்முறையீட்டு உரிமை அவர்களுக்கு உண்டு. விடுபட்டவர்களில் இந்துக்களும் பெருமளவில் இருந்ததால் அந்தப் பட்டியலைக் கேட்ட கட்சிகளே அதை ஏற்க மறுத்தன. இந்த அனுபவத்துக்குப் பிறகும், 2025 சுதந்திர தின உரையில் ஊடுருவலை எதிர்கொள்ள மக்கள்தொகை பற்றிய உயர்நிலை இயக்கம் ஒன்றைப் பிரதமர் அறிவித்தபோது, அது எந்த அளவுகோலைக் கொண்டு செயல்படும் என்று நாம் கேட்பது நியாயம்தானே? மறுபுறத்தில், ஊடுருவலே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை என்று பேசும் எதிர்க்கட்சிகளும் எல்லையோர மக்களின் கவலையை மதிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி நம் மண்ணின் அனுபவத்துக்கு வருகிறேன். இந்த விவாதத்தில் கருத்துச் சொல்ல தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு மற்றவர்களைவிட அதிக உரிமை இருக்கிறது என்று நான் நினைப்பதற்குக் காரணம் அதுதான்.

1992 ஜூன் 20 அன்று அரூர் அருகே வாச்சாத்தி கிராமத்துக்குள் வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஊழியர்கள் சந்தனக் கட்டைக் கடத்தலைத் தடுக்கிறோம் என்று சொல்லித்தான் நுழைந்தார்கள். சந்தன மரக் கடத்தல் பொய்யான பிரச்சினை அன்று. காட்டைக் காக்க வேண்டியது அரசின் கடமைதான். ஆனால் ஊரில் உள்ள அனைவரும் கடத்தல்காரர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போனார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, ஆண்களும் பெண்களும் அடிக்கப்பட்டார்கள், பழங்குடிப் பெண்கள் 18 பேர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தண்டிக்கப்பட்டவர்களில் நான் சார்ந்த வருவாய்த் துறையினரும் இருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வேதனை தருவது. சட்டத்தை அமல்படுத்துகிறோம் என்ற பெயரில், ஆளைப் பார்த்துக் குற்றவாளி என்று முடிவு செய்யும் அதிகாரம் கேள்வி கேட்பாரில்லாமல் கீழ்நிலை ஊழியர் கையில் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டத்தைவிட நெருக்கமான சாட்சி வேறு இல்லை.

மாநில எல்லை தாண்டிப் போனவர்களின் கதையும் நமக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் வனப்பகுதியில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர்களில் நம் சித்தேரி மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். முன்பணம் கொடுத்து மலையிலிருந்து ஆளைக் கூட்டிச் சென்ற ஏஜென்ட்டுகளுக்கும், வெட்டிய கட்டையைக் கப்பலேற்றிப் பணம் பார்த்தவர்களுக்கும் அன்று எதுவும் நேரவில்லை. எல்லை தாண்டிய குற்றங்களில் தண்டனை எப்போதும் கடைசியில் நிற்கிற கூலிக்காரன் மீதே விழுகிறது. வங்கதேச எல்லையிலும் இதே நிலைதான். காசு வாங்கி ஆளைக் கடத்தியவனும், போலி அட்டை அச்சடித்தவனும், பாதிச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கிறான் என்று எதையும் கேட்காமல் வேலைக்கு வைத்த முதலாளியும் வெளியே இருக்க, லைன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவன் லாரியில் ஏற்றப்படுகிறான்.

1991 டிசம்பரில் காவிரி இடைக்கால உத்தரவை ஒட்டிக் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் அத்திப்பள்ளி வழியாக ஓசூருக்குள் ஓடி வந்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழகப் பேருந்துகள் எரிக்கப்பட்ட நாளும் அப்படித்தான். அன்று அங்கே கட்டட வேலையில் இருந்த தருமபுரிக்காரர்கள் பொது இடத்தில் வாய் திறந்து தமிழ் பேச அஞ்சினார்கள். பேசும் மொழியே ஒருவருக்கு எதிரான சாட்சியாகும் நிலையை அனுபவித்த நாம், இங்கே வேலைக்கு வந்த வங்காளத் தொழிலாளியை அதே நிலையில் நிறுத்தக் கூடாது. 2023 மார்ச்சில் பிகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவி, தொழிலாளர்கள் பீதியில் ரயில் ஏறியபோது, அவை பொய் என்று மாநிலக் காவல் துறை விரைந்து விளக்கியதும், அதிகாரிகள் தங்குமிடங்களுக்கே நேரில் சென்று நம்பிக்கை அளித்ததும் பாராட்டத்தக்கவை. அந்த விரைவும் பொறுப்பும் இதிலும் வேண்டும்.

முகாம்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முழுமை பெறாது. ஊத்தங்கரை அருகே பாம்பாறு அணையிலும், தருமபுரி மாவட்டத்தில் தும்பலஅள்ளி, நாகாவதி அணைகளை ஒட்டியும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். தமிழ்நாடு முழுவதும் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேரும் முகாம்களுக்கு வெளியே 30,000க்கும் மேற்பட்டோரும் உள்ளனர். இவர்கள் யாரும் ஒளிந்து வந்தவர்கள் அல்லர். ராமேசுவரத்தில் அரசு அதிகாரிகளே பதிவு செய்து, அரசுப் பேருந்தில் ஏற்றி, அரசு கட்டிய குடியிருப்பில் வைத்தார்கள். எனினும், 2003ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் உரிய கடவுச்சீட்டு இன்றி வந்த அனைவரையும் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வரையறுத்ததால், அந்தப் பெயர் இவர்கள் மீதும் விழுந்தது. அன்று தமிழ்நாட்டின் எந்தப் பெரிய கட்சியும் இதை ஒரு பிரச்சினையாக எடுத்துப் போராடவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதன் பின் முகாமில் பிறந்து, நம் அரசுப் பள்ளியில் படித்து, பொறியியல் பட்டம் பெற்றவருக்கு இல்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண், அந்தப் பிறந்த தேதியின் காரணமாகவே, சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் 2022ஆம் ஆண்டு உத்தரவால் கடவுச்சீட்டு பெற்று 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார்.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மாநிலங்களவையில் 125க்கு 105 என்ற வாக்குகளில் நிறைவேறியபோது, பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த ஆறு மதத்தினருக்கு வழி பிறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அ.தி.மு.க. உறுப்பினர்கள் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள். 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டப்பேரவை அந்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அகதிகள் முகாம் மறுவாழ்வு முகாம் ஆனது, வீடுகள் கட்டப்பட்டன, உதவித்தொகை உயர்ந்தது. இவை நல்ல காரியங்கள். சட்ட நிலை மாறவில்லை. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்திருப்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தண்டனையிலிருந்து விலக்கு என்பது குடியுரிமை ஆகாது. முகாமில் உள்ளவர்களில் கணிசமானோர், இலங்கைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் மரபில் வந்த மலையகத் தமிழர்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்வதாக இந்தியா கையெழுத்திட்டதே, அந்த மக்களின் வழித்தோன்றல்கள். இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று 2025 மே மாதத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில் கூறியபோது, முகாம்களில் அந்தச் செய்தியைப் படித்தவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வழக்கு தண்டனை பெற்ற ஒருவரைப் பற்றியது. எந்தக் குற்றமும் செய்யாமல் நாற்பது ஆண்டுகளாக அணைக்கரையில் காத்திருப்பவர்களைப் பற்றியது அல்ல என்பதை அரசாவது அவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானத்தில் 104 இந்தியர்கள் கைவிலங்கும் கால் சங்கிலியுமாக அமிர்தசரஸில் இறக்கப்பட்டபோது நாடே கொதித்தது. அவர்கள் அமெரிக்கச் சட்டத்தை மீறியவர்கள்தான். நிலத்தை விற்று ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்களும்தான். திருப்பி அனுப்பும் உரிமை அமெரிக்காவுக்கு உண்டு என்பதை வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் மறுநாள் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். எனினும் சங்கிலி வேண்டாம் என்று நாம் அனைவரும் சொன்னோம். அன்று நம் மக்களுக்காக நாம் கேட்ட மரியாதையைத்தான் இன்று இங்கே பிடிபடுகிறவர்களுக்காகவும் கேட்கிறேன்.

எனவே இரு மாவட்டங்களின் ஆட்சியர்களுக்கும் காவல் கண்காணிப்பாளர்களுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளில் சோதனை நடத்துவதானால், எந்தத் தகவலின் அடிப்படையில் என்பது எழுத்தில் பதிவாக வேண்டும். ஒருவர் மீது சந்தேகம் எழுந்தால், அவர் சொல்லும் சொந்த ஊரின் மாவட்ட நிர்வாகத்துக்கு அன்றே கடிதம் போக வேண்டும். அங்கேயும் என்னைப் போல் ஒரு கிராம அலுவலர் இருக்கிறார், அவர் அந்தத் தெருவுக்குப் போய் நான்கு பேரைக் கேட்டால் ஒரே நாளில் உண்மை தெரிந்துவிடும். அந்தப் பதில் வரும் வரை அவருடைய அசல் ஆவணங்களைப் பறிமுதல் செய்யாமல் நகலை மட்டும் பெற வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் அறிவிப்பும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் ஒரு வழக்கறிஞரும் தரப்பட வேண்டும். அயல்நாட்டவர் என்று முடிவானால் அதற்கான காரணத்துடன் எழுத்துப்பூர்வமான ஆணை வேண்டும். அதை எதிர்த்து முறையிட அவகாசமும் வேண்டும். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஒரு சுற்றறிக்கை போதும். முகாம்களில் பிறந்தவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை ஆட்சியர் அலுவலகங்கள் திருப்பி அனுப்பாமல் பெற்று, பரிந்துரையுடன் மேலே அனுப்ப வேண்டும்.

இன்னொன்று. வெளிமாநிலத் தொழிலாளருக்குப் புகைப்படத்துடன் கூடிய பாஸ்புக் தர வேண்டும், காண்ட்ராக்டர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டமே கூறியது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. பழைய சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் நான் பார்த்த சூளைகளிலும் குவாரிகளிலும் அப்படி ஒரு பாஸ்புக்கை எந்தத் தொழிலாளியும் காட்டியதில்லை. யார் எங்கிருந்து வந்தார், யார் கூட்டிவந்தார் என்பதை வேலைக்கு வைத்த நாளிலேயே பதிவு செய்திருந்தால், நள்ளிரவில் லைன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய தேவையே பெருமளவு குறைந்திருக்கும். தொழிலாளர் துறையும் சிப்காட் நிறுவனங்களும் இப்போதாவது அந்தப் பதிவேட்டை மேஸ்திரி, காண்ட்ராக்டர் பெயரோடும் உரிம எண்ணோடும் முறையாகத் தொடங்கட்டும். போலி அட்டையுடன் ஒரு தொழிலாளி பிடிபட்டால், முதல் தகவல் அறிக்கையில் அவரை அழைத்து வந்தவரின் பெயரும், அட்டை தயாரித்தவரின் பெயரும், அவரை வேலைக்கு வைத்தவரின் பெயரும் சேர்ந்தே இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.